கல்வி விரும்பனின் ஏடு: அம்மைத் தடுப்பு வரலாற்றில் புனையப்பட்ட தொன்மையும் மக்கள் ஐயமும்

முன்னுரை

தடுப்பூசி பற்றிய வதந்திகளை மருத்துவத் துறையினரும் ஊடகவியலாரும் தொடர்ந்து ஆராய்ந்து வருகின்றனர். அவ்வாய்வுகளுள் பெரும்பாலானவை வதந்தியை அறியாமையின் விளைவாகவும் அரசின் அறிவிப்பை அதற்குரிய மருந்தாகவும் கொள்கின்றன. பொய் எப்போதும் மறுப்போர் பக்கத்திலேயே நிற்கும் என்னும் எண்ணம் இந்நோக்கின் அடியில் கிடக்கிறது. சென்னை மாகாணத்தில் அம்மைத் தடுப்பு நுழைந்த முதல் இருபது ஆண்டுகளின் வரலாறு இவ்வெண்ணத்தைத் தடுமாறச் செய்கிறது. அக்காலத்தில் ஒரு பொய்நூல் எழுந்தது. அதைப் புனைந்தவர்கள் தடுப்பை எதிர்த்தவர்கள் அல்லர். அதை ஊர்தோறும் பரப்ப முயன்றவர்களே. அவர்களுள் ஒருவராகச் சொல்லப்படுபவர் தமிழுலகம் இன்றும் நன்றியோடு நினைக்கும் எல்லிஸ் துரை.

அப்பொய்நூல் எழுந்த சூழல், அது கையாண்ட உத்தி, அதன் பின்வாழ்வு ஆகியவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. ஏட்டுச் சுவடியையும் பாட வேறுபாட்டையும் கையாண்டு பழகிய தமிழாய்வின் அளவுகோல்கள், மருத்துவப் பொய்ச்செய்தியை அளப்பதற்கும் உரியன என்பது இதன் கருதுகோள்.

அம்மை என்னும் சொல்

வைசூரி, பெரியம்மை, மாரி, முத்து என ஒரே நோயைச் சுற்றித் தமிழில் பல சொற்கள் வழங்கின. இவற்றுள் வைசூரி ஒன்றே நோயை நோயாகச் சுட்டுவது. ஏனையவை உறவுப்பெயராகவோ தெய்வப்பெயராகவோ அணிகலப் பெயராகவோ அமைந்தவை. வினைச்சொற்களும் இவ்வாறே வேறுபடுகின்றன. காய்ச்சல் அடிக்கும்; சளி பிடிக்கும்; அம்மையோ வார்க்கும், பின்னர் இறங்கும். அடித்தலும் பிடித்தலும் பகைவர் செயல்கள். வார்த்தலும் இறங்குதலும் வந்து தங்கிச் செல்லும் ஒருத்தியின் செயல்கள். அவள் தங்கியிருக்கும் வீட்டின் வாயிலில் வேப்பிலை செருகுவர், அடுப்பில் தாளிக்கமாட்டார்கள், அவள் இறங்கியபின் நோயுற்றவருக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவர். இவ்வழக்கங்கள் யாவும் முன்னோர் கண்ட நுண்ணுயிர் அறிவியலே என்று கொண்டாடுவது இக்காலப் பழக்கம். அதுவும் இக்கட்டுரை பேசும் பொய்க்கு இனமானதே. ஒரு நம்பிக்கையை மதிப்பதற்கு அதை ஆய்வுக்கூடத்திற்கு இழுத்துச் செல்ல வேண்டியதில்லை.

தடுப்புமுறை வந்தபோது மக்கள் அதற்கு இட்ட பெயர் ‘அம்மை குத்துதல்’. கீறலில் இடப்படும் நீர் ‘அம்மைப்பால்’ எனப்பட்டது. இத்தொடர்களில் பகையுணர்ச்சி சிறிதும் இல்லை. இன்று வழங்கும் ‘தடுப்பூசி’ என்னும் சொல் வருகின்ற ஒன்றை எதிர்த்து நிற்பதைச் சுட்டுகிறது. ‘அம்மை குத்துதல்’ அவளை அழைத்து உடலில் இருத்துவதைச் சுட்டுகிறது. மருத்துவ முறையின் இயல்பை நோக்கின், மக்கள் வழக்கே உண்மைக்கு அணித்தாக இருந்தது எனலாம். நோயின் மென்மையான உறவொன்றை உடலுக்குள் விட்டு வன்மையானதை வராமற் செய்வதே அம்முறை.

ஆயினும் அச்சொல்லே இடர்ப்பாட்டுக்கும் இடமளித்தது. தானே வர வேண்டிய தெய்வத்தை ஓர் அரசு ஊழியர் கத்தி முனையில் கொண்டுவருவது எங்ஙனம் முறையாகும் என்ற கேள்வி அதனுள்ளேயே பொதிந்திருந்தது. ஆகவே அன்றைய மறுப்பை வெறும் அறியாமை என்று ஒதுக்குதல் பொருந்தாது. நோய்க்கு வேறொரு விளக்கத்தை உடையவர்கள் அவ்விளக்கத்தின்படி கேட்ட நேர்மையான கேள்வி அது.

கையிலிருந்து கைக்கு

எட்வர்டு ஜென்னர் பசுவம்மை பற்றிய தம் நூலை 1798இல் வெளியிட்டார். 1802 ஜூன் 14ஆம் நாள் பம்பாயில் மூன்று வயதுச் சிறுமி ஒருத்திக்கு இட்ட கீறலே இந்தியாவில் இம்முறை முதலில் வெற்றி கண்ட நிகழ்வு. அவளிடமிருந்து எடுத்த நீர் பிற குழந்தைகளுக்குச் சென்றது. அக்குழந்தைகளின் கைகள் வழியாகவே அது சென்னை மாகாணத்திற்கும் வந்து சேர்ந்தது. வெப்பநாட்டில் உலர்ந்த பால் விரைவில் ஆற்றல் இழந்துவிடும். எனவே ஒரு குழந்தையின் கையில் கொப்புளம் முதிர்ந்த எட்டாம் நாள் வாக்கில் அதைக் குத்தி, வடியும் நீரை அடுத்த குழந்தையின் கையில் ஏற்றினர். தொடர் அறுந்தால் மருந்தே இல்லை.

இச்செயல்முறையை அறிந்தாலன்றி மக்களின் அச்சம் விளங்காது. பெற்றோர் தம் குழந்தைக்கு ஊசி குத்தக் கொடுப்பதோடு கடமை முடிவதில்லை. ஒரு வாரம் கழித்து அதே குழந்தையை மீண்டும் கொணர்ந்து, புண்ணைக் கிளறி நீர் எடுக்க இசைய வேண்டும். அந்நீர் எவர் வீட்டுக் குழந்தையிடமிருந்து வந்தது, எவர் வீட்டுக்குச் செல்கிறது என்பதும் தெரியாது. சாதி அடுக்கில் வாழ்ந்த சமுதாயத்தில் இது எழுப்பிய கலக்கத்தை எளிதில் உணரலாம். சாதியுணர்ச்சியைக் கடிவது ஒருபுறம் இருக்க, அச்சத்திற்கு உடற்காரணமும் இருந்தது. இவ்வாறு கைமாறிய நீரின் வழியாக மேகநோய் பரவியதை ஐரோப்பிய மருத்துவர்களே பிற்காலத்தில் உறுதி செய்தனர். கன்றின் உடலில் பாலை வளர்த்தெடுக்கும் முறை பரவுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இக்கலக்கத்தைத் தணிக்க ஆட்சியாளர் கையாண்ட வழிகள் பல. மைசூர் அரசகுலப் பெண்கள் மூவரைத் தாமஸ் ஹிக்கி 1805 அளவில் தீட்டிய ஓவியம், அம்மை குத்திக்கொள்வதைப் பரிந்துரைக்கும் நோக்கமுடையது என்று வரலாற்றாசிரியர் சிலர் கருதுகின்றனர். அரசியரே குத்திக்கொண்டனர் என்பது காண்போர்க்கு ஒரு சான்று. அதில் பொய் இல்லை. சென்னையில் மேற்கொண்ட வழி வேறு.

எல்லிஸும் பழைய தாளும்

பிரான்சிஸ் வைட் எல்லிஸ் 1796இல் கம்பெனிப் பணிக்காகச் சென்னைக்கு வந்தார். 1810இல் சென்னை ஆட்சியர் ஆனார். 1812இல் தோன்றிய புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக்கு அடித்தளமிட்டார். தென்னிந்திய மொழிகள் தனியொரு குடும்பம் என்பதை 1816இல், கால்டுவெல்லுக்கு நாற்பது ஆண்டுகள் முன்னரே, நிறுவினார். திருக்குறளின் ஒரு பகுதியை மொழிபெயர்த்து விரிவுரை எழுதினார். 1818இல் சென்னை நீரின்றி வாடியபோது கிணறுகள் வெட்டுவித்தார். அச்செய்தி இராயப்பேட்டையில் உள்ள தமிழ்ப் பாடற் கல்வெட்டில் பதிவாகியுள்ளது. மக்களிடம் ஒரு பணியை எடுத்துரைக்க அவர்களது இலக்கிய மொழியே ஏற்றது என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

அவ்வறிவே மற்றொரு வழியிலும் அவரைச் செலுத்தியது. ஜென்னரின் வரலாற்றை எழுதிய ஜான் பேரன், 1827இல் வெளிவந்த முதல் தொகுதியில் ஒரு செய்தியைக் குறிக்கிறார். எல்லிஸ் அம்மை குத்துதலைப் பற்றி வடமொழியில் ஒரு சிறு செய்யுள் இயற்றினார். அது பழைய தாளில் எழுதப்பட்டுக் கண்டெடுக்கப்பட்டதாகப் பரப்பப்பட்டது. புதுமுறையைத் தம் புனிதப் பசுவோடும் பழைய நூலோடும் இணைத்துக் காணும் அந்தணர் அதை ஏற்பர் என்பது நோக்கம். சென்னையின் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சனும் இதே வழியைப் பின்பற்றினார் என்கிறார் பேரன். இதைக் குற்றமாக அவர் பதிவு செய்யவில்லை. நல்ல சூழ்ச்சியாகவே காண்கிறார்.

1819ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ‘மெட்ராஸ் கூரியர்’ இதழில் ஒரு கடிதம் வெளிவந்தது. எழுதியவர் தம் பெயரைக் ‘கல்வி விரும்பன்’ என்று குறித்திருந்தார். தன்வந்தரி இயற்றியதாகச் சொல்லப்படும் ‘சாக்தேய கிரந்தம்’ என்னும் நூலில், பசுவின் மடியிலுள்ள கொப்புள நீரையோ மனிதக் கையிலுள்ள கொப்புள நீரையோ கத்தி முனையில் எடுத்து, தோளுக்கும் முழங்கைக்கும் இடையே கீறி ஏற்றும் முறை கூறப்பட்டுள்ளது என்பது கடிதத்தின் சாரம். கீற வேண்டிய இடமும் எடுக்க வேண்டிய கருவியும் அன்றைய கம்பெனி மருத்துவர் கையாண்ட முறையோடு அச்சு மாறாமல் பொருந்துகின்றன. ஈராயிரம் ஆண்டு முந்திய நூல் என்றால் இத்தகைய பொருத்தமே ஐயத்தை எழுப்பியிருக்க வேண்டும்.

மருத்துவ வரலாற்றறிஞர் டொமினிக் வுயாஸ்டிக் 1987இல் வெளியிட்ட கட்டுரையில் இச்சான்றுகளை நிரல்படுத்தி, ஜென்னருக்கு முன்னரே இந்தியாவில் பசுவம்மைத் தடுப்பு இருந்தது என்னும் கூற்று இப்புனைவிலிருந்து கிளைத்ததே என்று காட்டினார். எல்லிஸைப் பற்றி விரிவாக ஆராய்ந்த தாமஸ் ட்ரவுட்மன், சக்தியும் தன்வந்தரியும் உரையாடுவதாக அமைந்த பசுவம்மைக் கதைப்பனுவலை அவருடைய ஆக்கங்களுள் ஒன்றாக எடுத்துப் பேசுகிறார். ‘கல்வி விரும்பன்’ என்னும் தூய தமிழ்ப் புனைபெயர், கோட்டைக் கல்லூரிப் புலவர் வட்டத்தின் மணத்தை உடையது.

இங்கு ஒரு முரண் நின்று நோக்கத்தக்கது. புதுச்சேரியில் கிடைத்த ‘எசூர் வேதம்’ என்னும் நூலைப் போலி என்று சான்றுகளுடன் எடுத்துக்காட்டிய அறிஞரும் இதே எல்லிஸ்தான். வோல்தேர் தொன்மையான இந்திய நூலென்று போற்றியதும் 1778இல் பிரெஞ்சில் அச்சேறியதுமான அந்நூல், கிறித்தவக் கருத்துகளுக்கு இசைவாகப் புனையப்பட்டது. புதுச்சேரிச் சுவடிகளையும் அவற்றில் வடசொற்கள் எழுதப்பட்டிருந்த ஒலிப்பு முறையையும் ஆராய்ந்து எல்லிஸ் எழுதிய கட்டுரை, அவர் மறைவுக்குப் பின் 1822இல் ‘ஏசியாட்டிக் ரிசர்ச்சஸ்’ தொகுதியில் வெளிவந்தது. சமயம் பரப்பப் புனைந்த போலியைக் கண்ட கண், மருத்துவம் பரப்பப் புனைந்த போலியின்பால் இமை மூடிக்கொண்டது. பேரன் கூற்று உண்மையாயின், நோக்கம் நன்று எனின் வழியும் நன்றே என்று எல்லிஸ் கருதியிருத்தல் வேண்டும். எசூர் வேதத்தை இயற்றியவரும் தம் நோக்கத்தைப் பற்றி அவ்வாறே கருதியிருப்பார்.

பாயிரம் என்னும் அளவுகோல்

நன்னூலார் சிறப்புப் பாயிரம் தெரிவிக்க வேண்டிய செய்திகளை எட்டாக வகுக்கிறார். ஆக்கியோன் பெயரும், நூல் வந்த வழியும், கேட்போரும், பயனும் அவற்றுள் அடங்கும். காலம், களம், காரணம் ஆகியவற்றைச் சேர்த்துப் பதினொன்றாகக் கொள்வாரும் உளர். பாயிரம் இல்லாத நூல் நூலன்று என்னும் மரபுரையை மாணவர் மனப்பாடம் செய்வதோடு விட்டுவிடுவர். உண்மையில் அது ஒரு சான்றாய்வு முறை. இதைச் சொன்னவர் யார், எவரிடமிருந்து பெற்றார், எவருக்காகச் சொன்னார் என்று கேட்கும் முறை.

சாக்தேய கிரந்தத்தை இவ்வளவுகோலில் வைத்தால் முடிவு உடனே தெரியும். ஆக்கியோன் தன்வந்தரி, அஃது ஆக்கியோன் பெயரன்று, அதிகாரத்தின் பெயர். வழி இல்லை, எந்தச் சுவடியிலிருந்து எவர் படியெடுத்தார் என்னும் தொடர்ச்சி எங்கும் காணப்படவில்லை. முந்தைய உரைகாரர் எவரும் அந்நூலை மேற்கோள் காட்டவில்லை. காலம் மறைக்கப்பட்டுள்ளது. கேட்போர் மட்டும் மிகத் தெளிவாக உள்ளனர். தயங்கி நிற்கும் உயர்சாதியினர். பயனும் அதே அளவு தெளிவு. ஆக்கியோனும் வழியும் மங்கிக் கேட்போரும் பயனும் மட்டும் ஒளிரும் பனுவலை ஐயுறுதல் வேண்டும்.

இன்றைய பொய்ச்செய்திக்கும் இதுவே உடலமைப்பு. 2017 பிப்ரவரியில் ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரை உள்ள குழந்தைகளுக்குத் தட்டம்மை, ரூபெல்லாத் தடுப்பூசி போடும் இயக்கம் தமிழ்நாட்டில் தொடங்கியபோது, அவ்வூசி உயிருக்குக் கேடு என்னும் செய்தி வாட்ஸ்அப் வழியே வீடுகளை எட்டியது. பெற்றோர் பலர் மறுத்தனர். இயக்கத்தை மார்ச் மாதத்திற்கும் நீட்டிக்க நேர்ந்தது. அச்செய்திகளில் ‘ஒரு மருத்துவர்’ பேசினார், பெயரில்லை. ‘வெளிநாட்டில்’ தடை செய்யப்பட்டது என்றார், நாட்டின் பெயரில்லை. கொரோனாக் காலத்தில் சித்தர் பெயரால் பகிரப்பட்ட பாடல்கள் எதிர்த்திசையில் நின்றன. நோயையும் மருந்தையும் முன்னோர் அன்றே பாடிவைத்தனர் என்று அவை உறுதி கூறின. அகத்தியர் பெயரில் வழங்கும் மருத்துவ நூல்கள் பலவற்றின் மொழிநடை மிகப் பிற்காலத்தது என்பது தமிழாய்வாளர் அறிந்ததே. ஆயினும் அப்பாடல்கள் பரவியபோது அவற்றின் யாப்பையும் சொல்லாட்சியையும் சுட்டி மறுத்த குரல்கள் தமிழ்த்துறைகளிலிருந்து மிகுதியாக எழவில்லை. மருத்துவர்க்கு விட்டுவிட்ட அப்பணியில் பாதி, தமிழ் படித்தோர்க்கு உரியது.

எல்லா வதந்தியும் புனைவன்று. 2021 ஏப்ரல் 15ஆம் நாள், மக்களுக்கு நம்பிக்கையூட்டும் பொருட்டு நடிகர் விவேக் சென்னை அரசு மருத்துவமனையில் செய்தியாளர் முன்னிலையில் கொரோனாத் தடுப்பூசி செலுத்திக்கொண்டார். மறுநாள் அவருக்கு மாரடைப்பு ஏற்பட்டது. 17ஆம் நாள் காலமானார். இரண்டும் மெய்ச்செய்திகள். ஒன்றன்பின் ஒன்று நிகழ்ந்ததை ஒன்றனால் ஒன்று நிகழ்ந்ததாகக் கொண்டதே பிழை. ஏழாம் வேற்றுமைக்குரிய இடத்தில் மூன்றாம் வேற்றுமையைப் பெய்வது போன்றது அது. தேசிய ஆய்வுக்குழு அவர் இறப்புக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்ற முடிவை அக்டோபரில் வெளியிட்டது. ஐயம் ஒரு பொழுதில் ஊரைச் சுற்றியது. விடை வர ஆறு திங்கள் ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில் ஊசிக்கு அஞ்சி நின்றோரை அறிவிலிகள் என்று பழிப்பது எளிது. அவர்கள் கண்டதும் கேட்டதும் பொய்யல்ல என்பதை ஏற்றுப் பேசுவதே கடினம்.

ஏட்டின் பின்வாழ்வு

சாக்தேய கிரந்தத்தின் புனைவு தன் முதல் நோக்கத்தை எவ்வளவு நிறைவேற்றியது என்பதற்குச் சான்று குறைவு. வேறொரு வகையில் அது பெருவெற்றி பெற்றது. அந்தணரை நம்பவைக்க எழுதிய பனுவலை ஐரோப்பியரே நம்பத் தொடங்கினர். கடிதம் வெளிவந்த சில ஆண்டுகளிலேயே அச்செய்தி பிரெஞ்சு மருத்துவக் கலைக்களஞ்சியம் வரை சென்றது. 1905 பிப்ரவரியில் கிண்டியில் கிங் நோய்த்தடுப்பு நிலையத்தைத் திறந்துவைத்த சென்னை ஆளுநர் ஆம்ப்தில் பிரபு, பசுவின் வழியே அம்மைத் தடுப்பைப் பெறும் முறையைப் பண்டைய இந்தியா அறிந்திருக்கக்கூடும் என்று உரைத்தார். கர்னல் கிங் தமக்குக் கூறியதாக அவர் காட்டிய சான்று தன்வந்தரியின் பெயரால் வழங்கிய அதே பகுதி. மாகாணம் முழுமைக்கும் அம்மைப்பால் வழங்கவிருந்த நிலையம் ஒரு போலி ஏட்டை வாழ்த்துரையாகக் கொண்டு திறக்கப்பட்டது. சென்னையில் செய்த காசு எண்பத்தாறு ஆண்டுகள் உலகைச் சுற்றிச் சென்னைக்கே வந்தது. செய்த இடத்தாரே அதை உரைத்துப் பார்க்காமல் பெற்றுக்கொண்டனர்.

பெருமித உணர்ச்சியும் இதற்குத் துணை நின்றது. அடிமைப்பட்ட நாட்டில், ‘இதுவும் எம்மிடம் இருந்தது’ என்று சொல்லக் கிடைத்த சான்றை எவரும் எளிதில் விடார். அதை வழங்கியவர் ஆங்கில ஆளுநர் என்பது மேலும் வலுவூட்டியது. பெரியம்மை இந்தியாவில் 1975இல் இறுதியாகக் காணப்பட்டு, 1980இல் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. நோய் ஒழிந்த பின்னும் தன்வந்தரி அம்மை குத்திய கதை இந்திய மருத்துவத் தொன்மை பேசும் எழுத்துகளில் ஒழியாமல் இருக்கிறது. 1998இல் தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் இணைத்து ‘லான்செட்’ இதழில் வெளிவந்த கட்டுரை, பன்னிரண்டு குழந்தைகளை மட்டும் கொண்டு எழுதப்பட்டது. 2010இல் இதழே அதைத் திரும்பப் பெற்றது. ஆயினும் அது மேற்கோளாக இன்றும் வாழ்கிறது. ஏற்பைப் பரப்பிய பொய்யும் மறுப்பைப் பரப்பிய பொய்யும் ஆயுளில் ஒத்திருக்கின்றன.

செங்கற்பட்டு

இதற்கு மாறான நிகழ்வு ஒன்றும் இதே நிலத்தில் உண்டு. காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியை நாடெங்கும் பெருமளவில் போடும் இயக்கத்தை இராஜாஜி வன்மையாக எதிர்த்தார். 1955இல் தம் காரணங்களை ஆங்கிலச் சிறுநூலாகவும் வெளியிட்டார். முதலமைச்சராக இருந்து அண்மையில் விலகிய, கற்றறிந்த ஒருவரின் மறுப்பு அது. அதை அறியாமை என்னும் பெட்டிக்குள் அடைக்க இயலாது; அவருடைய அச்சங்கள் யாவும் சரியானவை என்றும் கொள்ள இயலாது.

1968இல் செங்கற்பட்டு மாவட்டத்தில் இலட்சக்கணக்கான மக்களிடையே பி.சி.ஜி. ஊசியின் பயனை அளக்கும் பெருஞ்சோதனை தொடங்கியது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசத்தை அவ்வூசி தடுக்கவில்லை என்பது அதன் முடிவு. ஊசியைப் பரிந்துரைத்து வந்த நிறுவனங்களே நடத்திய சோதனை, அவர்கள் எதிர்பார்த்ததற்கு மாறான விடையைத் தந்தது. அவ்விடை மறைக்கப்படவில்லை; அச்சிடப்பட்டு உலகெங்கும் விவாதிக்கப்பட்டது. குழந்தைகளுக்கு வரும் கொடிய காச வகைகளை, குறிப்பாக மூளைக்காய்ச்சலை, தடுக்கும் பயன் அதற்கு உண்டு என்பதால் பச்சிளங் குழந்தைகளுக்கு அவ்வூசி இன்றும் போடப்படுகிறது. எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்னும் இரண்டையும் ஒருங்கே கூறும் அவ்வறிக்கைக்கு ஆக்கியோன் பெயரும் வழியும் காலமும் களமும் உண்டு. செங்கற்பட்டு என்னும் களத்தின் பெயராலேயே அது இன்றும் அறியப்படுகிறது.

எல்லிஸுக்குத் தம் ஏட்டைப் பற்றி மீண்டும் ஒரு சொல் சொல்லும் வாய்ப்பு அமையவில்லை. கடிதம் வெளிவந்த சில வாரங்களில், 1819 மார்ச்சு மாதம், இராமநாதபுரத்தில் தங்கியிருந்தபோது தவறான மருந்தை உட்கொண்டு அவர் இறந்தார். அவருடைய கையெழுத்துத் தாள்களில் பெரும்பகுதி மதுரையில் ஒரு துரையின் சமையலறையில் அடுப்பு மூட்டப் பயன்பட்டதாகச் சொல்லப்படுகிறது. கல்வி விரும்பனின் கடிதம் மட்டும் அச்சில் இருந்ததால் தப்பியது.